கைபடாத படம்

“மஞ்சள் எப்போ ஆரம்பிச்சுது?”

மூன்றாவது ஆஸ்பத்திரி. அதே கேள்வி.

மூன்று வாரம் இருக்கும் என்று அவள் மறுபடியும் சொன்னாள். சொல்லும்போதே எரிச்சல் மண்டியது. சொன்னதையே எத்தனை தடவை சொல்வது? முந்தைய இடத்தில் எழுதிக் கொடுத்த சீட்டை ஒருவராவது புரட்டிப் பார்க்கக் கூடாதா?

பக்கத்தில் அவள் புருஷன் சட்டைக்குள் கைவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். அரிப்பு இன்னும் விடவில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கணையத்தின் தலைப்பக்கம் கட்டி. பக்கத்து ரத்தக் குழாயை அது பிடித்துவிட்டதா, இல்லையா? பிடிக்காவிட்டால் அறுத்து எடுத்துவிடலாம், ஆள் பிழைத்துக்கொள்ளலாம். அதைத்தான் இந்தப் படம் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

காமாலை இறங்கட்டும் என்று முதலில் பித்த நாளத்தில் குழாய் வைத்துவிட்டார்கள். பிறகுதான் ஸ்கேன். குழாய் வைத்த இடம் வீங்கிக் கிடக்கிறது. எது வீக்கம், எது கட்டி என்று பிரிக்க முடியவில்லை.

படத்தை முதலில் எடுத்திருக்க வேண்டுமாம்.

அவளுக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இதுகூடவா தெரியாது? பதினாறு வருஷமாக ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் போடுகிறவள் அவள். எந்த முகத்தைத் திருத்தினாலும், திருத்தும் முன் கைபடாத படத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். ஆல்பம் போடுகிறவளுக்கு இருக்கிற புத்தி இவ்வளவு படித்தவர்களுக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

கைபடாத படம்.

அவள் கை தானாக மடியிலிருந்த போனை எடுத்தது.

கொழுந்தன் மகள் கல்யாணம். ஆவணியில் நடந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்றைய குடும்பப் படத்தில் புருஷன் முகம் ஒரு மாதிரி மஞ்சளடித்திருந்தது. கண்ணும்தான். மண்டபத்து லைட்டைத் திட்டிக்கொண்டே முகத்துக்குக் கொஞ்சம் சிவப்பு ஏற்றினாள். கண்ணை வெளுத்தாள். இரண்டு நிமிட வேலை. மாப்பிள்ளையைவிட நான்தான் ஜோர் என்று இவன் அந்தப் படத்தைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான்.

திருத்தாத படமும் போனில் இருந்தது.

திறந்தாள்.

விரல்களால் முகத்தைப் பெரிதாக்கினாள். பிறகு கண்ணை.

பாவி. அடிப்பாவி.

வேறு யாரையும் திட்ட இனி அவளிடம் வாயில்லை.

போனை டாக்டர் பக்கம் நகர்த்தினாள். மூன்று வாரம் இல்லை என்று மட்டும் சொன்னாள். டாக்டர் படத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

புருஷனும் எட்டிப் பார்த்தான்.

“அது மண்டபத்து லைட்டு சார். இவ அன்னைக்கே சொன்னா.”

அவளுக்குப் பரிந்துகொண்டுதான் சொன்னான்.

அவள் படத்தை விரலால் மெதுவாக மேலே தள்ளினாள். முகம் போயிற்று. கழுத்து போயிற்று. இடுப்புக்குக் கீழே வந்து நின்றது.

அதே லைட்டில், அவன் கட்டியிருந்த வேட்டி வெள்ளையாக இருந்தது.