அண்ணிக்குப் பத்து நிமிஷம்

"டிரைவர் பையா, வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க! எங்க அண்ணிக்கு மறுபடியும் பாத்ரூம் போகணுமாம்!"

மிதாலி சொன்ன விதத்தில், பின்சீட்டில் இருந்த அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பத்தே நிமிஷம், வந்துடறேன்" என்று அண்ணி சுதேஷ்ணா வேனிலிருந்து இறங்கினாள்.

"காலையிலேருந்து இது நாலாவது பத்து நிமிஷம்!"

முன்சீட்டிலிருந்து மாமனார் பரிமள் பாபுவும் இறங்கினார். கிருஷ்ணநகரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகளை வங்காள வழக்கப்படி "பௌமா" என்றுதான் கூப்பிடுவார்.

"தெரியாத ஊர். பௌமாவைத் தனியா எப்படி அனுப்பறது? நான் துணைக்குப் போறேன்" என்றவர், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு அதட்டலும் போட்டார்: "டீயைக் குறைன்னா கேக்கறியாம்மா?"

"குறைச்சுக்கறேன், பாபா" என்றாள் சுதேஷ்ணா.

கல்கத்தாவிலிருந்து மூன்று தலைமுறையாக எட்டுப் பேர், ஜெய்ப்பூரில் நாலு நாள். திட்டம் முழுக்க சுதேஷ்ணாவுடையது. ரயில், ஓட்டல், வேன், அரண்மனை டிக்கெட், அருங்காட்சியக டிக்கெட் என்று இரண்டு மாசத்துக்கு முன்பே உட்கார்ந்து அத்தனையும் முன்பதிவு செய்திருந்தாள். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு, அங்கிருந்து கிளம்புவது எப்போது என்று அச்சடித்து ஆளுக்கொரு தாளும் கொடுத்திருந்தாள்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் அந்தத் தாளின் நேரக் கணக்கைக் கெடுத்தவளும் அவள்தான்.

ஹவா மஹால் வாசலில் ஒரு தடவை. ஜந்தர் மந்தரில் கைடு சூரியக் கடிகாரத்தை விளக்க வாயைத் திறந்த நேரம் பார்த்து ஒரு தடவை. சூடான கச்சோரி தட்டில் வந்து விழுந்ததும் ஒரு தடவை.

"அடுத்த தடவை டிக்கெட்டோட சேத்து அதையும் முன்பதிவு பண்ணிடுங்க அண்ணி" என்றாள் மிதாலி.

கணவன் அனிர்பனே, "ஓட்டலை விட்டுக் கிளம்பும்போதே போய்ட்டு வரக்கூடாதா?" என்று கடிந்துகொண்டான்.

"டிசம்பர் குளிர். நான் என்ன பண்ணட்டும்?" என்று சிரித்து மழுப்பினாள் அவள்.

மூன்றாம் நாள்தான் விஷயம் முற்றியது. ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் ஒரு அச்சுத் துணிப் பட்டறை. பிள்ளைகள் மரக்கட்டையைச் சாயத்தில் தோய்த்து, தாங்களே ஒரு கைக்குட்டையில் அச்சுப் போட்டு எடுத்து வரலாம். நாலு மணிக்கு இடம் பதிவு செய்திருந்தாள். வழியில் இரண்டு நிறுத்தம். போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். அவர்கள் இடத்தில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்து அச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் அன்றைக்குக் கடைசி வகுப்பாம்.

இரட்டையர்கள் திரும்பும் வழியெல்லாம் அழுதார்கள்.

ஓட்டல் புல்தரையில் டீ வந்ததும் மிதாலி ஆரம்பித்தாள்.

"நாளைக்கு ஆமேர் கோட்டை. ஒம்பது மணி டிக்கெட். அதையும் கோட்டை விட முடியாது. அண்ணி ஓட்டல்லயே இருக்கட்டும்!"

"மிது, என்ன பேச்சு இது?" என்றாள் அவள் அம்மா.

"தப்பா என்னம்மா சொல்லிட்டேன்? அவங்களுக்கும் ஓய்வா இருக்கும். பாபாவும் பாதுகாவலுக்கு ஓடாம நிம்மதியா சுத்திப் பாப்பார். சரின்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க!"

இரட்டையர்கள் நாலு கையையும் தூக்கினார்கள். மிதாலியின் கணவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டே அரைக் கை தூக்கினார். அனிர்பன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வந்துடறேனே, மிது" என்றாள் சுதேஷ்ணா. குரல் கெஞ்சியது. "நீங்க எல்லாரும் முன்னாடி போங்க. நான் பின்னாடி மெதுவா வர்றேன்."

"பிள்ளைங்க அழுததைப் பாத்தீங்கல்ல? அப்புறமும் பிடிவாதமா?"

சுதேஷ்ணா இரட்டையர்களைப் பார்த்தாள். பிறகு, "சரி. நான் வரல" என்றாள்.

"அப்ப நானும் வரல" என்றார் பரிமள் பாபு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷம் சரித்திரப் பாடம் எடுத்தவர். ஆமேர் கோட்டையைக் கரும்பலகையில் மட்டுமே பார்த்தவர். இந்தப் பயணத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே இடம் அதுதான்.

"நீங்க ஏன் பாபா வராம இருக்கணும்?" என்றாள் மிதாலி. "ஓட்டல்ல இருக்க அண்ணிக்குத் துணை எதுக்கு?"

"அவளுக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

"பாபா, விடுங்க" என்று சுதேஷ்ணா அவசரமாக எழுந்தாள். "டீ ஆறுது பாருங்க."

"நீ உக்காரும்மா." கோப்பையைக் கீழே வைத்தார். பேரப்பிள்ளைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளையும் குழந்தைங்களும் இருக்கற இடத்துல எனக்கு வாய் திறந்து சொல்லக் கூச்சம். அதான் நான் கண்ணைக் காட்டுவேன், இவ வண்டியை நிறுத்தச் சொல்லுவா. போதாததுக்கு ஊர் கேக்க இவளை அதட்டவும் செஞ்சேன். மூணு நாள்ல பன்னெண்டு தடவை இறங்கினோம், மிது. பன்னெண்டு தடவையும் பௌமா வாசல்லதான் நின்னா. உள்ள போனது நான்."