பங்காளி வீட்டுப் பெண்

“எந்திரிடா! பங்காளி வீட்டுக்கே வந்து பொண்ணு கேக்குறியே, வெட்கமா இல்ல?”

பெரியவர் பியோன் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். தோங்மான் மண்டியிட்ட இடத்தைவிட்டு அசையவில்லை. அவனும் பியோன் குலம், அவர் மகள் ஓக்பூனும் பியோன் குலம். இரண்டு வீட்டுக்கும் பூர்வீகம் யோன்சோல்.

“ராஜாவுக்கே தோள் குடுத்த தளபதி நம்ம மூதாதை. ஆயிரம் வருஷமா அந்த ரத்தம்தான் ஓடுது. அவ உனக்குத் தங்கச்சி முறைடா!”

“ஒரே குலத்து ஜோடிங்களும் கல்யாணத்தைப் பதிஞ்சுக்கலாம்னு அரசாங்கமே இந்த ஒரு வருஷம் விட்டுக்குடுத்திருக்குங்கய்யா. நீங்க சரின்னா போதும்.”

“செத்தா என் முன்னோர் முகத்துல அரசாங்கமா வந்து முழிக்கும்?”

காகிதக் கதவுக்கு அப்பால் ஓக்பூன் விசும்புவது கேட்டது. வருடம் முடியப்போகிறது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் அவள் இல்லை.

பெரியவரின் முன்னோர் பக்தி ஊரறிந்தது. அறுவடை முடிந்து குலத்தார் எல்லோரும் தளபதி சமாதிக்குப் படையலோடு மலையேறும்போது, இவர் மட்டும் அடிவாரத்தில் பெயர்க்கல்கூட இல்லாத ஒரு சமாதி மேட்டுக்கும் ஒரு கிண்ணம் மது ஊற்றிவிட்டுத்தான் ஏறுவார். ஏன் என்று கேட்டால் முறைப்பார்.

தோங்மான் ஒரு முடிவுக்கு வந்தான். யாரிடமும் சொல்லக்கூடாதென்று சாகும்போது அப்பா சத்தியம் வாங்கிக்கொண்ட விஷயம் அது. மானம் போனால் போகட்டும்.

“ஐயா, நான் உங்க குலமே இல்ல.”

“என்னடா உளர்றே?”

“எங்க தாத்தா அடிமைங்க. யோன்சோல் பெரிய வீட்டுல பொறந்தவர். சின்னப் பிள்ளையிலேயே அசலூருக்கு வித்துட்டாங்க. அடிமைங்களை எல்லாம் விடுதலை பண்ணினப்போ, பொறந்த வீட்டு எஜமான் குலப்பேரையே தனக்கும் வச்சுக்கிட்டார். தளபதி ரத்தம் ஒரு சொட்டுகூட எனக்குள்ள இல்ல.”

அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். விழவில்லை.

“அந்த வீட்டுல உங்க தாத்தாவுக்கு என்ன பேரு?” பெரியவரின் குரல் தேய்ந்திருந்தது.

“பாவூன்னு கூப்பிடுவாங்களாம்.”

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். உள்ளே விசும்பல் நின்றுபோயிருந்தது. தோங்மானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குலமே வேறு என்றான பிறகு தடை ஏது?

“இப்பவாச்சும் கட்டிக் குடுப்பீங்களா ஐயா?”

“வாசக்கதவைச் சாத்திட்டு வா.”

சாத்திவிட்டு வந்தான். பெரியவர் அவன் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். கண்ணீர் தாடியில் வழிந்தது.

“எங்கப்பாவும் அந்த வீட்டு அடிமைதான்டா. பாவூ அவரோட கூடப்பொறந்த தம்பி!”