இறங்கும் சர்க்கரை

"சார், வீட்டில யாருக்கு சுகர்?"

"எனக்கு. ஆத்துக்காரிக்குக் கிடையாது" என்றார் பட்டாபி, நாற்காலியில் சாயாமல்.

டாக்டர் ஷீஜா சீட்டை நீட்டினாள். "ஆனா ஜெயலக்ஷ்மி அம்மாவுக்கு சுகர் இருபத்தெட்டுக்கு இறங்கிடுச்சு. குளூக்கோஸ் ஏத்தினதும் கண் திறந்தாங்க, பின்னயும் மயங்கிட்டாங்க. இது சுகர் மாத்திரையோட வேலைதான். எத்தனை முழுங்கினாங்க?"

"எங்காத்துப் பொம்மனாட்டிகள் அப்படியெல்லாம் செய்யமாட்டா."

"எத்தனை, எப்போன்னு தெரிஞ்சாதானே சார் அதுக்குத் தக்க பார்க்க முடியும்? மூளை கெட்டா திரும்பக் கிட்டாது."

பட்டாபி சீட்டை மடித்துப் பையில் வைத்தார். விஷக் கேஸ் என்று எழுதினால் போலீஸ் வரும். பொழுது விடிவதற்குள் கிழக்கேகோட்டை அக்ரஹாரம் முழுக்கப் பரவிவிடும்.

கதவைத் தள்ளிக்கொண்டு பத்மப்ரியா ஓடிவந்தாள். போன வாரம் அஜீஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகு அப்பா முகத்தில் விழிப்பது இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி போன் செய்து சொல்லியிருந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு இப்படி ஆனது என்னாலதானே?"

"பின்னே யாரால? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மாலையும் கழுத்துமா நின்னியே, அன்னிக்கே இந்தக் குடும்பத்து மானம் போயாச்சு."

அவள் சுவரில் சாய்ந்து விம்மினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினாள். "டாக்டரே, வலிப்பு வருது!"

ஷீஜா வாசலில் நின்று திரும்பினாள். "கடைசியா கேக்கறேன் சார். அவங்க சாகணுமா, வேண்டாமா?"

பட்டாபி எழுந்தார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு. ஒரு அட்டை முழுசும். பொடி பண்ணித் தயிர்சாதத்துல கலந்தது."

ஷீஜா உள்ளே ஓடினாள். பத்மப்ரியா அழுகையை நிறுத்தினாள்.

"அப்போ, அம்மா கலக்கறதைப் பார்த்துண்டா இருந்தேள்?"

"கலந்தது நான். எனக்காக." அந்தத் தலை முதல் முறையாகக் குனிந்தது. "வாய்ல வைக்க தைரியம் வரலை, அப்படியே விட்டுட்டு எழுந்துட்டேன். கையலம்பிண்டு, வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பறதுக்குள்ள, முப்பத்தஞ்சு வருஷ வழக்கப்படி உங்கம்மா என் எலையில உக்காந்து மிச்சத்தைச் சாப்பிட்டு முடிச்சிருந்தா."