உப்பு பார்த்தவள்

தம்பி மறுகல்யாணம் செய்த அன்றே காத்தூனின் இடுப்புச் சாவிக்கொத்து புதுப்பெண் ஹமீதுன்னிசாவிடம் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலுக்கு இன்றுதான் மருந்து கிடைத்தது. நோன்பு திறக்க, தம்பியோடு ஓசூர் கம்பெனியில் வேலை செய்பவர்களின் வீட்டுப் பெண்கள் வருகிறார்கள்.

நோன்பு வைத்தவர்கள் கஞ்சியை ருசி பார்ப்பதில்லை. இறந்துபோன மூத்த தாரத்தின் மகள், நோன்பு வைக்கும் வயது வராத தாஹிராதான் உப்பு பார்ப்பாள்.

"உன் நாக்கை நம்பித்தான் அடுப்பு பத்தவைக்கிறேன் கண்ணு" என்பாள் ஹமீதுன்னிசா. தாஹிரா உப்பு பார்த்துவிட்டு எட்டியே நின்றுகொள்வாள்.

இன்று காத்தூன் தாஹிராவைக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் கை நிறைய உப்பைத் திணித்தாள். போன வாரம் காத்தூன் வைத்த சூடு அந்தக் கையில் இன்னும் ஆறவில்லை.

"கஞ்சில கொட்டிட்டு, உப்பு சரியா இருக்குன்னு சொல்லிடு. வந்தவங்க காறித் துப்பட்டும். உங்கம்மா எடத்துக்கு வந்தவ ஓடியே போயிருவா."

தாஹிரா தலையாட்டினாள்.

பாங்கு கேட்டது. ஹமீதுன்னிசா கஞ்சி ஊற்ற, தாஹிரா கிண்ணங்களை வைத்தாள். காத்தூன் பேரீச்சம்பழத்தை மென்றபடி எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"அம்மாடி, என்னா ருசி!" என்றாள் பக்கத்து வீட்டு நாகம்மாள்.

'கழுதை பயந்துட்டா' என்று பல்லைக் கடித்த காத்தூன், தன் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் நிறையக் குடித்தாள். உப்புக் கரிப்பில் நாக்கு பொத்துப்போனது. துப்பினால் ஏனென்று கேட்பார்கள். கண்ணீரோடு விழுங்கினாள்.

"உப்பு சரியா இருக்கா அத்தை?" தாஹிரா உரக்கக் கேட்டாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ச... சரியா இருக்கு."

தாஹிரா முதல்முறையாக ஹமீதுன்னிசாவின் முந்தானையைப் பிடித்து, காதோடு சொன்னாள்:

"சின்னம்மா, அத்தைக்கு இன்னொரு கிண்ணம் ஊத்துங்க. உப்பு நான் போட்டுக்கறேன்."