இனிஷியலோடு ஒரு பூ

உலகத் தாவரவியல் வரலாற்றில் இன்று காலை பத்து மணிக்கு ஒரு புதிய அத்தியாயம் தொடங்குவதாக இருந்தது.

வானம் மூடிக்கொண்டது.

அவர் பால்கனியில் நின்று மேகத்தை முறைத்தார். மின்வாரியத்தில் பெரிய பொறியாளராக இருந்த காலத்தில் அவர் முறைத்தால் ஒரு துணை மின்நிலையமே நிமிர்ந்து உட்காரும். ரிட்டயரான பிறகு அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க ஆள் இல்லை. மனைவி மட்டும் எழுந்திருப்பாள். அதுவும் குக்கர் விசிலுக்கு.

அதனால்தான் இந்தப் பூ.

பத்துமணிப் பூச்செடி. தரையோடு தரையாகப் படர்கிற சாதி. சிவந்த தண்டு. ஊசிக்குச் சதை போட்டாற்போல இலை. வெயில் பட்டால் பூ திறக்கும், மதியத்துக்கு மேல் சுருங்கிக்கொள்ளும், மறுநாள் வேறு பூ. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் இவர் தொட்டியில் ஒரே இதழ் பாதி மஞ்சள், பாதி ரோஜா நிறம்.

தானே உருவாக்கிய புது ரகம் என்று அறிவித்துவிட்டார். அதற்குத் தன் பெயரையே வைக்க வேண்டும், இனிஷியலோடு. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட வேண்டும்.

சங்கம் வந்திருந்தது. செயலாளர் துரைக்கண்ணுவும் நாலைந்து பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில். கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

மொட்டுகள் கூம்பிக் கிடந்தன. வெயில் இல்லாமல் அவை யாருக்கும் திறப்பதில்லை, பொறியாளருக்கும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். முதல் பூ வந்த நாளிலிருந்து இதே பேச்சுதான். பார்க்க வந்தவர்களுக்கு, சிலிண்டர் போட வந்தவருக்கு, குடிக்கத் தண்ணீர் கேட்ட கூரியர்காரருக்கு. இலைக்குள்ளேயே தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். விதைக்கூடு தன் மூடியைத் தானே கழற்றும், உள்ளே வெடிமருந்துத் தூள் மாதிரி விதை. வேர்கூட வேண்டாம். ஒரு இணுக்கு கிள்ளி ஈர மண்ணில் செருகினால் போதும். சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டால்கூடச் சாகாது.

அந்த இடத்தில் அவர் எப்போதும் சற்று நிறுத்துவார். கண் மூடியபடியே.

கேட்டவர்களின் கைகளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

மேகம் விலகியது. வெயில் முதலில் பக்கத்து பிளாக்கில் விழுந்தது.

நாற்காலிகள் நகரும் சத்தம். கண்ணைத் திறந்தார்.

எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று.

பிறகுதான் கவனித்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினார்.

பக்கத்து பிளாக் முதல் மாடியில் ஒரு பெயின்ட் டப்பா. அதில் பாதி மஞ்சள், பாதி ரோஜா. இரண்டாம் மாடியில் கைப்பிடி போன வாளி. அதற்கு மேலே தேங்காய்ச் சிரட்டைகள், ஒரு பழைய ஹெல்மெட். ஒவ்வொன்றிலும், அவசரமே இல்லாமல், அவர் பூ திறந்துகொண்டிருந்தது.

ஹெல்மெட் துரைக்கண்ணுவுடையது. துரைக்கண்ணு குனிந்து கேசரியில் முந்திரி தேடினார்.



மூன்றாம் மாடியிலிருந்து ரெஜினா டீச்சர் கையசைத்தார்.

"சார், உங்க பூ எங்க வீட்லயும் பூத்துருச்சு. பிள்ளைங்க எல்லாம் இதை சார் பூன்னுதான் சொல்லுதுங்க."

சார் பூ.

இனிஷியல் இல்லை. இருந்தாலும் சொல்லிப் பார்த்தார், வாய்க்குள்ளேயே. நன்றாகத்தான் இருந்தது.

கையை உயர்த்தி டீச்சருக்கு ஆசி மாதிரி ஒன்று காட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். சர்க்கரை இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. வெயில் சுகமாக இருந்தது.

அவர் தொட்டியில் பூ கடைசியாகத் திறந்தது. யாரும் பார்க்கவில்லை.

அந்தச் செடியின் முதல் இணுக்கை அவர் போன வருஷம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கிள்ளி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.