வலது அலமாரி எலிகள்

"என்ன சின்ன டாக்டரம்மா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கதவைத் திறந்தார் எலியண்ணன்.

தலையில் பாதிக்கு மேல் நரைத்துவிட்ட தன்னை இன்னமும் 'சின்ன' என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பது வருஷம் எலிகளை வளர்த்தவர் அவர். ஓய்வு பெற்றும் பெயர் விடவில்லை. அவர் மனைவியையும் தெருவில் எலியண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாள் அதற்காகப் புருஷனை இன்னும் மன்னித்தபாடில்லை.

"அண்ணே, நம்ம கசப்பு இலை மருந்து ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? ரெண்டு அலமாரி. இடது பக்கத்து எலிக்கு வெறும் கொழுப்புத் தீனி. வலது பக்கத்து எலிக்கு அதே தீனியில நீங்க காய்ச்சின இலைச்சாறு. மூணே மாசம்! இடது பக்கம் அத்தனையும் பூசணிக்கா. வலது பக்கம் சிட்டாப் பறக்குது. தராசுல எடை போட்டுட்டு அன்னிக்கு ஒரு குதி குதிச்சீங்களே, யம்மாடி!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கூடை கூடையாக இலையை அவளே அலசி, அவளே காய்ச்சுவாள். எத்தனை சோப்புப் போட்டும் கையில் கசப்பு போகாது. மத்தியானம் சோறு அள்ளி வாயில் வைத்தால் குமட்டும். அதைப் பார்த்துவிட்டு மறுநாளே வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் கொண்டு வந்து நீட்டியவர் இவர்தான். விருதும் பதவியும் எல்லாம் பிறகு வந்தன. ஆனால் அந்த மூன்று மாதம் போல ஒரு காலம் அவளுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

"இப்ப என்ன வந்துச்சு?" என்றார் எலியண்ணன்.

"நாலு இடத்துல நம்ம சோதனையைத் திரும்பச் செஞ்சு பாத்துட்டாங்க. அதே இலை, அதே தீனி, அதே அளவு. ஒரு எலிகூட இளைக்கல. நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாக்க அனுமதி கேட்டிருக்கேன், அடுத்த வாரம் கமிட்டி கூடுது. 'உன் எலி மட்டும் எப்படி இளைச்சது?'ன்னு கேக்கறாங்க. பதில் இல்லேன்னா என் இருபத்திரண்டு வருஷமும் போச்சு அண்ணே."

"அடக் கடவுளே!"

"பழைய நோட்டெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் படிச்சாச்சு. நோட்டுல இல்லாதது ஏதாவது இருந்தா உங்களுக்குத்தான் தெரியும். தண்ணி?"

"ரெண்டு பக்கமும் காய்ச்சி ஆறின தண்ணி."

"வெளிச்சம்? சூடு?"

"ஒரே ரூம், ஒரே விளக்கு."

"கூண்டுல என்ன போட்டீங்க?"

"மரத்தூள். வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்துவேன். நான் என்ன ஓரவஞ்சனை பண்ற ஆளா?"

காபியோடு வந்த எலியண்ணி கொல்லென்று சிரித்தாள். "பேச்சைப் பாரு! என் பிஸ்கட் டப்பா மூடியெல்லாம் எங்க போச்சுன்னு கேளும்மா."

"ஏய், சும்மா இரு!" எலியண்ணன் முகம் கறுத்தது.

அவள் சட்டென்று நிமிர்ந்து பேனாவைத் திறந்தாள். தகர மூடி. துருவா, உலோகமா? அதில் ஏதோ ஒன்று இலைச்சாற்றோடு சேர்ந்து வேலை செய்திருந்தால்? மருந்து பிழைத்துவிடும். அவளும் பிழைத்துவிடுவாள்.

"சொல்லுங்க அண்ணே. நீங்க எது செஞ்சிருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா."

எலியண்ணன் தலையைச் சொறிந்தார். "பெரிய டாக்டர் திட்டுவாரேன்னு அப்ப மூச்சு விடலம்மா. வலது பக்கத்து எலிங்க அந்தக் கசப்பை முழுங்க முடியாம படற பாட்டைப் பாத்தா வயிறு எரியும். வாயில்லா ஜீவன், யாருகிட்டப் போய்ச் சொல்லும்? அதான் மூடியில சின்னச் சின்னதா சக்கரம் பண்ணி, நீங்கல்லாம் வீட்டுக்குப் போனதும் கூண்டுக்குள்ள மாட்டி விடுவேன். ஏறி ஓட ஆரம்பிச்சா விடிய விடிய ஓட்டம்தான், அப்படி ஒரு குஷி! காலையில நீங்க வர்றதுக்குள்ள கழட்டி வெச்சுடுவேன்."

அவள் பேனாவை மூடினாள். "இடது பக்கத்து எலிங்களுக்கு?"

"அதுங்களுக்கு எதுக்கும்மா சக்கரம்? அதுங்கதான் கசப்பே இல்லாம தின்னுட்டு சுகமாப் படுத்துக் கிடந்துச்சே!"