அடியில் ஓடும் எழுத்து

"அடியில ஓடுற எழுத்து தெரியுதாம்மா?"

கடைக்காரர் என் மனைவியிடம் இப்படிக் கேட்டதும் நான் முந்திக்கொண்டு தலையாட்டினேன்.

கடையின் பின்பக்கத்து இருட்டறை. எதிரே வெள்ளைத் திரை, மேசைமேல் மூன்று புரொஜெக்டர்கள். திரையில் ஏதோ வெளிநாட்டுப் படம். பேச்சு அந்த ஊர் மொழியில், அடியில் தமிழ் எழுத்து.

முதல் மெஷினில் எழுத்தெல்லாம் நனைந்த செய்தித்தாள் மாதிரி ஊறிப்போயிருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

இதுவே போதும் என்றேன். கண்ணுக்கு இதம், கரண்ட் மிச்சம், நம் வீட்டுச் சுவர் சின்னது, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்பதடிதான் என்று அடுக்கினேன். அந்த ஒன்பதடியை நான் அளந்ததே இல்லை.

அவள் அளந்திருந்தாள். கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்து, பதினொன்றரை என்றாள்.

மூன்று மாதம் முன்புவரை பத்தடி தூரத்தில் நிற்பது நானா கதவா என்று இவளுக்குத் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த நாளிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிற பஸ்ஸின் நம்பரைச் சத்தமாக வாசிக்கிறாள். என் காதில் முடி முளைத்திருப்பதைப் பக்கத்து வீட்டுக்கு அறிவிக்கிறாள். போதாததற்கு, சுவர் முழுக்கப் படம் ஓடும் ஹோம் தியேட்டர் வேண்டுமாம்.

வாங்கிக் கொடுக்க எனக்கும் கொள்ளை ஆசை. ஆசையைவிடப் பயம் ஒரு பிடி கூடுதல்.

நாலு வருடமாக எங்கள் வீட்டில் படம் என்றால் நான் டிவியில் ஓடும் எழுத்தை வாசிப்பேன், அவள் கேட்பாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மூலத்தில் இல்லாத ஒரு புள்ளிகூட உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. வீட்டில் கதையே வேறு.

முதலில் ஒரு நாய். படத்தில் அது செத்துப்போனது. இவள் அழுது கண்ணை இன்னும் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று, தூங்குகிறது என்று வாசித்தேன்.

அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டேன்.

அதன்பின் எங்கள் வீட்டுப் படங்களில் யாரும் சாகவில்லை. குண்டடி பட்டவர்கள் எல்லோரும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். விவாகரத்துக்குக் கோர்ட் படியேறியவர்கள் மனம் மாறிக் கைகோத்து இறங்கினார்கள். யாராவது விம்மினால் ஆனந்தக் கண்ணீர் என்பேன். அவளும் அப்பாடா என்று காலை நீட்டிக்கொள்வாள். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் ஏதேதோ சாக்குச் சொல்லிப் படமே போடாமல் ஓட்டிவந்தேன்.

இப்போது அத்தனை குட்டும் சுவர் அகலத்துக்கு உடையப் போகிறது. நாலு வருடம் புளுகியவன் என்று தெரிந்தபின், நீ அழகாயிருக்கிறாய் என்று நான் சொன்னால்கூட நம்புவாளா?

கடைசி முயற்சியாக முதல் மெஷினின் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். மிகத் துல்லியமான படம் என்பதற்கு அடையாளமாக 4K என்று பூசணிக்காய் அளவில் போட்டிருந்தது.

அவள் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் எறும்பு வரிசையாய் ஓடியதை ஒரே மூச்சில் வாசித்தாள். 4K படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளுமாம். வெளியே காட்டும் ரெசல்யூஷன் வெறும் 720தானாம்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். நான் அவரைவிட அதிகம் சொறிந்தேன்.

இரண்டாவதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவதைப் போடச் சொன்னாள். அதுதான் அசல் 4K. கூடவே பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினாள். எங்கள் வீட்டுப் பென் டிரைவ், நான் வாசித்த படங்கள் எல்லாம் அதில்தான். அதை இவள் எப்போது கிளப்பிக்கொண்டு வந்தாள்?

நேரே கடைசிக் காட்சிக்கு ஓட்டச் சொன்னாள்.

வெயில் கொளுத்தும் துறைமுகம். பெட்டியோடு கப்பலேறுகிறான் கணவன். கீழே நிற்கும் மனைவியைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்கிறான். அடியில் எழுத்து வந்தது, புதுப் பாத்திரத்தில் பெயர் வெட்டியதுபோல் பளிச்சென்று.

இனி நான் வரமாட்டேன். எனக்காகக் காத்திருக்காதே.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வாசியுங்கள் பார்க்கலாம் என்றார் கடைக்காரர் அவளிடம். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கணீரென்று வாசித்தாள்.

"மழை விட்டதும் வந்துடறேன். கதவைத் தாழ்ப்பாள் போடாம வை."

நிமிர்ந்து பார்த்தேன். திரையில் மழை இல்லை. கதவும் இல்லை. அந்த மழையும் தாழ்ப்பாளும் என் சொந்தச் சரக்கு. இரண்டு வருடம் முன்பு வாய்க்கு வந்தபடி நான் வாசித்ததை, ஓர் எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

அவள் உட்கார்ந்து என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். காதோரம் சொன்னாள்.

"கட்டுப் பிரிச்ச வாரத்திலேருந்தே, நீங்க வேலைக்குப் போனப்புறம் டிவி கிட்ட உக்காந்து எல்லாத்தையும் பார்த்துட்டேங்க. ஒண்ணுகூட நல்லால்ல. உங்க படம்தான் படம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இருட்டறையாக இருந்ததால் பிழைத்தேன்.

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பெரிசையே கட்டிக் குடுங்க தம்பி. இவருக்குத்தான் நாலு வருஷமா எழுத்து சரியாத் தெரியல."

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சார் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் அவசரமாகப் பர்ஸை எடுத்துப் பணத்தை எண்ண ஆரம்பித்தேன்.